உன் அம்மாவைத் தெரியாத இயந்திரம்

என் பிரியமான மாப்ள இருளப்பனுக்கு,

தூண்களை நிறுத்திவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். உங்கள் தெருவில், அம்மன் கோயிலுக்கு முன்னால், நீ சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிய அதே இடத்தில் எட்டுத் தூண்களும் நிற்கின்றன. கிரேன்காரர் கடைசித் தூணை இறக்கும்போது தெருவே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கூரைக் கற்கள் இன்னும் ஏறவில்லை. வெயில் நேராகத் தரையில் விழுகிறது.

சந்தோஷமாக இருக்க வேண்டியவன் நான். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தல்லாகுளம் ஆபீஸில் உட்கார்ந்தால் பட்டறைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. பட்டறைக்குப் போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு சோழவந்தானுக்குப் போகத் தோன்றுகிறது. அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாமல் தூண்களைச் சுற்றி வந்துவிட்டுத் திரும்புகிறேன். இதை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்லிப் பழக்கம்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிப்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நாம் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். நான் கட்டடக்கலை, நீ மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். தறி வைத்திருந்த குடும்பம். உன் அப்பாவும் அம்மாவும் சோழவந்தானில் பிறத்தியார் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர்கள். படித்து முடித்து நீ சென்னையில் ஒரு கார் தொழிற்சாலைக்குப் போனாய், ரோபோ கைகளுக்கு வேலை சொல்லித்தரும் வேலை. அங்கே பழசாகிப் போனதென்று ஒரு கையைக் கழித்துக்கட்டியபோது, அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாய். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. கார்க் கதவு தூக்கிக்கொண்டிருந்த கையின் நுனியில் வைர முனையைப் பூட்டி, "இனி இது கல்லு செதுக்கும் மாப்ள, நீ வரைஞ்சு குடு" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் தாய்மாமா கல் உடைக்கிற வேலையில் தூசியைத் தின்று, தலை நரைக்கும் முன்னாலேயே இருமி இருமிப் போனவர் என்று அன்றைக்குத்தான் சொன்னாய்.

"கல்லு வேணும்தான். கோயிலுக்கு வேணும், வீட்டுக்கு வேணும். ஆனா அதுக்கு முன்னாடி மனுசன் மூக்கு இருக்கக் கூடாது. தண்ணியப் பீச்சி விட்டுட்டு, நம்ம தள்ளி நின்னு பாப்போம்."

அந்தக் கொட்டகையில் நாம் வாசற்படி செய்தோம், ஓட்டல் சுவருக்குப் பூ வேலை செய்தோம், கோயில்களில் உடைந்த சிற்பங்களுக்குக் கையும் மூக்கும் செய்து கொடுத்தோம். ரோபோ செதுக்கி முடித்ததும் கல்லில் சீப்பு வாரிய மாதிரி வரி வரியாக இருக்கும். அதை உளியால் தட்டிச் சீராக்க ராசுவைச் சேர்த்தாய். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு உங்கள் தெருவில் மண்டபம் கட்டுவதென்று முடிவானது.

தூண்களில் யாரைச் செதுக்குவது என்று நீ யாரையும் கேட்கவில்லை. "எங்க ஆளுகதான்" என்று சொல்லிவிட்டாய். நாற்று நடுகிறவர்கள், ஏணி வைத்து வெற்றிலை கிள்ளுகிறவர்கள், பறையடிக்கிறவர்கள். அதற்குள் நாம் கம்ப்யூட்டரில் ஏஐயையும் பழக்கி வைத்திருந்தோம். பழைய சிற்பங்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் காட்டியிருந்தோம். இன்ன உருவம் வேண்டும் என்று எழுதினால் அதுவே வரைந்து தரும். வரைந்ததை ரோபோ கை செதுக்கும்.

"நாற்று நடும் பெண்" என்று நீ தட்டினாய். அது ஒரு நாட்டியக்காரியைக் கொடுத்தது. இடுப்பை ஒடித்து நின்றாள். தலையில் கிரீடம், காலில் சலங்கை. நாற்றைத் தாமரை மொட்டுப் போல இரண்டு விரலில் பிடித்திருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம். "நகை வேண்டாம்" என்று எழுதினாய். நகையைக் கழற்றிவிட்டு அதே இடுப்பை ஒடித்தது. "வயதான பெண், மெலிந்த உடம்பு" என்று எழுதினாய். அப்போது அது கொடுத்ததைப் பார்த்து உன் சிரிப்பு நின்றுபோனது. விலா எலும்பு தெரிய, கண் பிதுங்கி, வாய் பிளந்த ஒரு பேய்.

ராணி இல்லாவிட்டால் பேய். நடுவில் அதற்கு ஒரு பெண்ணைத் தெரியவில்லை.

திரையைக் காட்டிச் சொன்னாய். "மாப்ள, இதுக்கு எங்கம்மாவத் தெரியல."

"அது பாத்ததெல்லாம் கோயில்ல எடுத்த படம்டா. அங்க யாரு இருந்தாங்களோ அவங்களத்தான தெரியும்."

"நாங்க கோயில் வாசலத் தாண்டுனதே எங்க தாத்தா காலத்துலதான்." எழுந்து தண்ணீர் குடித்தாய். "சரி விடு. அதுக்குத் தெரியலன்னா நம்ம காட்டுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு உங்கள் தெருவுக்குப் போனோம். ஓர் ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து படமெடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி முழு உருவமாக்கிவிடும். முதலில் உன் அம்மா பேச்சியம்மாள். நாற்று நடுவது போலக் குனியச் சொன்னாய். அவர் குனியவில்லை.

"எதுக்குடா குனியச் சொல்ற? இம்புட்டு நாளும் குனிஞ்சது பத்தாதா? நான் நிமிந்து நிக்கிறேன், எடு."

நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாய், நினைவிருக்கிறதா? நீ மனதில் வரைந்து வைத்திருந்த தூண் கலைந்துபோயிற்று. அவர் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டபடி, உன் கேமராவை நேராகப் பார்த்தார். நீ சுற்றி வந்தாய்.

அதற்குப் பிறகு சித்திரை. பட்டறையில் மதியச் சாப்பாடு முடிந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாய். "கேஸ் மாப்ள, சோடா இருந்தா குடு" என்றாய். நானும் ராசுவும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழியில் பேசிக்கொண்டே வந்தாய். அப்புறம் பேசவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

கொஞ்ச மாதம் கொட்டகையைத் திறக்கவில்லை. பிறகு உன் பெரியப்பா கருப்பையா ஆள் விட்டுக் கூப்பிட்டார். கோயில் கமிட்டி கூடியிருந்தது. மண்டப வேலையைத் தொடருங்கள் என்றார். ஆனால் தூணில் சாமி, சிங்கம், நாட்டியக்காரி, தாமரை வேண்டுமென்றார்.

"பெரிய கோயில்ல இருக்கிற மாதிரியே வேணும் தம்பி."

"இருளப்பன் வேற மாதிரி நெனச்சிருந்தான் பெரியப்பா."

"தெரியும். நல்ல பய. ஆனா நாத்து நட்டது போதும்ப்பா, கல்லுலயும் நடணுமா? நாளைக்கு எம் பேரன் பிள்ளைக வந்து பாக்கும். எங்களக் குனிஞ்ச மேனிக்கே பாக்கணுமா?"

உன் அம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். அதோடு, நான் யார்? உங்கள் தெருக்காரர்கள் தங்களைக் கல்லில் எப்படிப் பார்க்க வேண்டுமென்று நான் சொல்ல முடியுமா? இன்னொன்றும் உறுத்தியது. கேட்காமலே அந்த இயந்திரம் கொடுத்ததைத்தான் அவர்கள் இப்போது கேட்டார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், எட்டு நாட்டியக்காரிகள் தயார்.

திரும்பும்போது உன் வீட்டில் ஏறினேன். தமிழரசி பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். உன் பெண்டாட்டியை உனக்குத் தெரியாதா? டீயை என் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"அவரு இருந்தா இந்நேரம் நாலு சண்ட போட்டிருப்பாரு. நீங்க அம்புட்டையும் கேட்டுக்கிட்டு வந்து டீ குடிக்கிறீங்களேண்ணே?"

"நான் வெளியாளும்மா."

"கல்லு உங்க பட்டறையிலதான கெடக்கு? ஒன்னு செதுக்கிக் கொண்டாந்து காட்டுங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும். பாக்காமயே எப்படிச் சொல்றது?"

மறுநாள் பட்டறையைத் திறந்தேன். உன் அம்மாவின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றியதும் அது ஒரு கேள்வி கேட்டது. வலது தோள் இறங்கியிருக்கிறது, படம் பிடித்ததில் பிழை இருக்கலாம், சரிசெய்யட்டுமா என்று. எத்தனை வருடம் வெற்றிலைக் கட்டு ஏறி இறங்கிய தோள் அது. அதற்குப் பிழையாகத் தெரிந்தது. வேண்டாம் என்று தட்டினேன். கன்னக் குழியை நிரப்பட்டுமா என்றது. அதற்கும் வேண்டாம் என்றேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். கை இறங்கியது.

நாள் கணக்கில் ஓடியது. நான் ஆபீஸுக்கும் பட்டறைக்குமாக அலைந்தேன். கல்லிலிருந்து முதலில் கொண்டை வந்தது, பிறகு நெற்றி. அதன் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ராசு உளியோடு உட்கார்ந்து வரிகளைத் தட்டி எடுத்தான். கண் பக்கம் வந்தபோது நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, போன வருசம் இதுக்கு நான் நெறய வேல பாக்க வேண்டியிருந்துச்சு. இப்ப வரி கொறஞ்சிருச்சு. கத்துக்கிட்டே போகுது. இப்படியே போனா எனக்கு என்ன மிச்சம்?"

உன்னிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும். மூக்கு, தூசி, மாமா என்று எதையாவது சொல்லியிருப்பாய். அதெல்லாம் ராசுவுக்கும் தெரியும். அவன் கேட்டது அது இல்லை. நான் "பாப்போம்டா" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் தட்டத் தொடங்கினான். அந்தக் கேள்வி இன்னும் கொட்டகைக்குள்ளேயே கிடக்கிறது.

தூணை லாரியில் கொண்டுபோய் உங்கள் தெருவில் இறக்கினோம். கூட்டம் கூடிவிட்டது. உன் அம்மா கிட்டே வந்து, ஏற இறங்கப் பார்த்தார். "நான் இம்புட்டு உசரமா?" என்று மட்டும் கேட்டார். கருப்பையா பெரியப்பா தூணை மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்த உருவத்தைத் தேடினாரோ என்னவோ. அது அங்கே இல்லை.

"இது பேச்சி" என்றார் கடைசியில். "அச்சு அசல் பேச்சி. நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி கும்பிட வர்ற எடத்துல பேச்சிய நிப்பாட்டுனா..."

அவர் முடிக்கவில்லை. பின்னாலிருந்து உன் பெரியம்மா கேட்டார். "அப்ப நான் எங்க நிக்க?"

அவ்வளவுதான் மாப்ள. எங்கிருந்துதான் அத்தனை குரல் வந்ததோ. எங்க அக்கா எங்க, எங்க அத்தை எங்க, செத்துப்போன எங்கப்பா எங்க என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழரசி ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எட்டுத் தூணில் ஒரு தெருவையே எப்படி நிறுத்துவது? யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டி, நாகமலை தாண்டியதுகூடத் தெரியாமல் வந்தேன். பழைய தூண்களில் பார்த்திருப்பாய், மேலும் கீழும் சதுரமாக விட்டு, நாலு பக்கமும் ஒவ்வோர் உருவம் செதுக்கியிருப்பார்கள். அப்படிச் சதுரம் சதுரமாகப் பிரித்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். கையால் செய்தால் அத்தனை வேறு வேறு முகத்துக்குக் காலம் போதாது. ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஒரே பூவை நூறு தடவை செதுக்குவதும், நூறு ஆட்களை ஒவ்வொருவராகச் செதுக்குவதும் ஒரே வேலைதான். அது சலிப்பதில்லை. இவ்வளவு வருடம் கூட வேலை பார்த்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுபடியும் கேமராவோடு போனேன். எப்படி நிற்பது என்பதை அவரவரிடமே விட்டுவிட்டேன். எதிர்வீட்டு முத்துமாரி ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றாள். நர்ஸ் வேலை பார்க்கும் உன் சித்தி மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒருவர் வேட்டியைக் கழற்றிவிட்டுப் பேரனின் பேண்டை மாட்டிக்கொண்டு வந்தார். யாருமே குனிய மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். காளியம்மா அத்தை குனிந்தார். "நடவு வரிசைல நான்தான் எப்பவும் முந்தி. நட்டுக்கிட்டே இருக்கிற மாதிரிப் போடு" என்றார். கருப்பையா பெரியப்பா வர மாட்டேன் என்றார். கடைசி நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "சும்மா பாக்க வந்தேன்" என்று கேமராவுக்கு முன்னால் நின்றார். அவர் கேட்ட தாமரையும் சிங்கமும் எல்லாத் தூண்களின் தலையிலும் இருக்கின்றன.

உனக்கும் ஒரு சதுரம் விட்டிருந்தோம். ஆனால் உன் உருவம் எங்களிடம் இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தானே நின்றாய். உன் பழைய போட்டோக்களைக் கொடுத்து ஏஐயைச் செய்யச் சொன்னேன். அமைதியாக, அழகாக, மூக்கு நேராக ஒருவன் வந்தான். அவனை அம்மாவிடம் காட்டினேன். "யாரு தம்பி இது?" என்றார். அழித்துவிட்டேன். பிறகு, பறையடிக்கிற பாண்டியை அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் படமெடுத்த வரிசையைத் தேடிப் பார்த்தேன். நடுவில் நீ குறுக்கே வந்து அவர் பறையின் தோள் வாரைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாய். உன் முதுகும், தூக்கிய ஒரு கையும் மட்டும் விழுந்திருந்தது. அதைத்தான் செதுக்கியிருக்கிறோம். தமிழரசி அந்த முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக எழுதியிருப்பேன். முடியவில்லை.

தூண்களின் படம் போனில் பரவியிருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓட்டல்களுக்கும் விமான நிலையங்களுக்கும் சிற்பம் வரைந்து தரும் ஏஐ செய்கிறவர்களாம். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் தெருவில் நாம் எடுத்த உருவங்கள் எல்லாவற்றையும் கேட்டாள். "இந்த மாதிரி முகங்கள் எங்க கிட்ட சுத்தமா இல்ல சார். இதையும் கொடுத்துப் பழக்கினா, இனி யாரு கேட்டாலும் அது சரியா வரையும். உங்க நண்பர் ஆசைப்பட்டதும் அதானே?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. அதுதானே நீ ஆசைப்பட்டது? அதற்கு உன் அம்மாவைத் தெரிய வேண்டுமென்றுதானே கேமராவைத் தூக்கினாய்? கொடுத்தால் இனி எந்த ஊரில் யார் தட்டினாலும் ராணியும் பேயும் மட்டும் வராது. ஆனால் உன் அம்மாவின் தோள், முத்துமாரியின் சிரிப்பு, காளியம்மா அத்தையின் முதுகு எல்லாம் பிய்த்துப் பிய்த்துக் கலக்கப்பட்டு, எந்த ஓட்டல் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் யாராக நிற்கும்? நீ இருந்தால் கொடு என்பாயா, கொடுக்காதே என்பாயா? இரண்டு விதமாகவும் உன் குரல் கேட்கிறது. அதுதான் என்னை உட்கார விடவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். சுற்றி வளைத்து எப்படியோ புரியவைத்தேன். உங்கள் முகத்தை அந்த இயந்திரம் படித்துக்கொள்ளும், பிறகு அதை மாதிரி வைத்து எங்கெங்கோ சிலை செய்வார்கள் என்றேன்.

"எங்க வைப்பாக?"

"பெரிய பெரிய ஓட்டல்ல, பங்களாவுல."

"வாசல்லயா, உள்ளயா?"

"உள்ளயும் வைப்பாங்கம்மா."

முறத்தை மடியில் வைத்துவிட்டுக் தெருப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய தூணில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

"கல்ல உள்ள வைக்கிறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல என்னய ஒருவாட்டி உள்ள கூப்பிடச் சொல்லு. போய் உக்காந்து பாத்துட்டு வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மாப்ள. போகத் தயாராகத்தான் இருக்கிறார். சேலைகூட எடுத்து வைத்திருப்பார்.

அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கு இன்று இதையே எழுதி அனுப்பப் போகிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவர்கள் கூப்பிட்டால் அம்மாவை நானே காரில் அழைத்துக்கொண்டு போவேன், முத்துமாரியையும் காளியம்மா அத்தையையும் சேர்த்து. போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு மூன்று பேரும் சொல்லும் வரைக்கும் உங்கள் தெருவின் ஒரு முகமும் பட்டறையை விட்டு வெளியே போகாது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

கூரை ஏறியதும் மறுபடி எழுதத் தோன்றும். எழுதாவிட்டாலும் நீ தெரிந்துகொள்வாய்.

பேச்சியம்மாளுக்கு இன்னொரு பிள்ளை,
உன் மாப்ள சாந்தாராம்